எறாக் கூறில் கை வைத்த எக்ஸ் டீச்சர்

கீழ்க்கட்டளையில் எக்ஸ் டீச்சர் மாதிரி மீன் வாங்கிய ஆள் இதுவரை பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதுமில்லை. முப்பது வருஷமாக மீன் விற்கிறவள் சொல்கிறேன், சரியாகத்தான் இருக்கும்.

பேர் என்னவோ, தெருவே எக்ஸ் டீச்சர் என்றுதான் சொல்லும். கையில் எந்நேரமும் மார்க்கர் பேனா. பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர், சர்ச்சில் கொடுத்த விசிறி, எதைக் கண்டாலும் எக்ஸ் போட்டுக் கணக்கு எழுதிவிடுவார். வீட்டில் ஒன்பதாங்கிளாஸ் பெண்கள் ஏழு பேருக்கு டியூஷன்.

ஒரு சனிக்கிழமை வாடிய முகத்தோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, பல்லுறுப்புக் கோவைன்னு ஒரு பாடம். ஒண்ணுக்கும் புரியல. எக்ஸ் ஸ்கொயரையும் எக்ஸையும் ஒண்ணாக் கூட்டி வைக்குதுங்க. திங்கக்கிழமை டெஸ்ட். இதுலயும் கோட்டை விட்டா டியூஷனை நிறுத்திடுவோம்னு அம்மாங்க சொல்லிட்டாங்க."

சொல்லிக்கொண்டே, கை சும்மா இருக்காமல், நான் அழகாகக் குவித்து வைத்திருந்த எறாக் கூறில் நெத்திலியை அள்ளிப் போட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா டீச்சர் பண்றே? எறா எறாவோட, நெத்திலி நெத்திலியோட! ரெண்டையும் கலந்தா அதை இன்னா பேர் சொல்லி விப்பேன்?"

டீச்சர் துள்ளி எழுந்தார். "அக்கா! அதை இன்னொரு தடவை சொல்லுங்க!"

பத்தே நிமிஷம். ஏழு பெண்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கடை முன்னால். நான் திட்டியதை அப்படியே சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் டீச்சர் எழுதினார். எறாக் கூறு எக்ஸ் ஸ்கொயராம். நெத்திலிக் கூறுக்கு எக்ஸ் என்று பேராம். நண்டு வெறும் நம்பராம்.

"உசுரோட நடந்துகினு கீது, அதைப் போய் வெறும் நம்பர்ன்றியே?"

"இருங்கக்கா. மூணு எறாக் கூறு, ரெண்டு நெத்திலிக் கூறு, நாலு நண்டு. எல்லாத்தையும் வரிசையாக் கூட்டி எழுதினா பல்லுறுப்புக் கோவை. இன்னும் ரெண்டு எறாக் கூறு வந்தா?"

"அஞ்சு எறா, ரெண்டு நெத்திலி, நாலு நண்டு மிஸ்!"

"நெத்திலியோட ஏன் சேர்க்கல?"

"ஆயா திட்டும் மிஸ்!"

நான் படித்தது மூணாங்கிளாஸ். அன்றைக்குப் பெரிய டீச்சர் நான்தான்.

டெஸ்டில் ஏழும் பாஸ். ஒருத்தி மட்டும் எக்ஸ் ஸ்கொயர் வரவேண்டிய இடத்தில் 'எறா' என்று எழுதி ஒரு மார்க்கை விட்டாளாம். டியூஷன் நிற்கவில்லை. அடுத்த மாசம் வாசலில் செருப்பு விட இடமில்லை.

இப்போது டீச்சர் பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி என்னிடம்தான் வருகிறார். "அங்க கூறு சரியில்லக்கா" என்பார்.

என் மகன் புது ஐஸ் பெட்டி வாங்கித் தந்தான். மூடி மட்டும் பழசுதான் போடுகிறேன். கொஞ்சம் பொருந்தாது. டீச்சர் எழுதினது அதில்தானே இருக்கிறது.