பிக்கப் சாமியாரும் பாவ மூட்டையும்

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிற ஊர் புத்தூர். இப்போது இன்ஜின் முறிந்தவர்களும் வருகிறார்கள். ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் போகிற மேட்டடியில் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பாருங்கள், கிழட்டு வண்டிகளின் மாநாடு. சித்தூரிலிருந்து அம்பாசிடர் வரும். கங்காதர நெல்லூரிலிருந்து தக்காளி வாசனையோடு ஒரு ஜீப் வரும். நாயுடுபேட்டையிலிருந்து ஒரு கார், பாதி ஓடியும் மீதி தள்ளியும் வந்து சேரும். எல்லாம் பிக்கப் சாமியாரின் அருளுக்காக.

பிக்கப் என்றால் தெரியுமல்லவா? ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி பாய வேண்டும். பாயாவிட்டால் பிக்கப் போச்சு என்பார்கள். போன பிக்கப்பை மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துத் தேடுவார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு தேடுவார். இதில் கையில் கிரீஸ் ஒட்டாது.

சாமியாரின் பூர்வாசிரமப் பெயர் வேதாச்சலம். சித்தூரில் பழைய கார் புரோக்கராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஓடாத வண்டியை ஓடும் என்று சொல்லி விற்றார். இப்போது வண்டியே தேவைப்படவில்லை. ஓடும் என்கிற சொல்லை மட்டும் விற்கிறார்.

பூஜை இப்படி. வண்டி முதலில் வந்தது வந்தபடி, குடும்பம் குட்டியோடு, காணிக்கைத் தேங்காய் மூட்டையோடு மேட்டில் ஏறிக் காட்ட வேண்டும். அது பாதியில் முக்கி முனகி நிற்கும். "சனி புட்ச்சிக்கினு தொங்குது, நைனா" என்பார் சாமியார். பிறகு பானெட்டைத் திறந்து வாயுவேக யந்திரம் என்கிற செம்புத் தகட்டைக் கட்டுவார். ஏர் ஃபில்டரில் ஒரு கைப்பிடி விபூதி போடுவார். இன்ஜின் மூச்சு விடுகிற வழி அது. தூசி போகக்கூடாது என்று மெக்கானிக் தட்டித் தட்டிச் சுத்தம் செய்கிற இடத்தில் இவர் சாம்பலை அள்ளிப் போடுவார். இன்ஜினுக்கு வாய் இல்லை, அதனால் அது பக்தியோடு வாங்கிக்கொள்ளும்.

கடைசியில் நேர்த்திக்கடன். தேங்காய் மூட்டையை இறக்கிச் சாமியார் காலடியில் வைக்க வேண்டும். டிரைவர் தவிர எல்லோரும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிந்தா சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் மேட்டை நடந்து ஏற வேண்டும். வண்டி சரசரவென்று ஏறிவிடும். கூட்டம் கண்ணீர் விடும்.

ஏன் இறங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏழுமலையை நடந்தே ஏறுகிற ஜனம். நட என்றால் நடக்கும். அதுவும் வெறுங்காலில் நட என்றால் கேட்கவே வேண்டாம்.

பாஸ்கரும் இப்படித்தான் வந்தான். அவனிடம் ஒரு பழைய வேன். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போய் விடுவான். குடும்பம் அந்த வேனை நம்பித்தான் சாப்பிடுகிறது. கொஞ்ச நாளாக வேன் மேடு கண்டால் படுத்துவிடுகிறது. மெக்கானிக் தீனா காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சு. இன்ஜின எறக்கி வேல பாக்கணும். ஒரு வாரம் ஆவும்."

ஒரு வாரம் வேன் நின்றால் ஆட்கள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று பாஸ்கருக்குப் பயம். நியாயமான பயம்தான். பயம் நியாயமாக இருக்கும்போதுதான் சாமியார்கள் கடை திறக்கிறார்கள். பாஸ்கர் பூஜை போட்டான், காலி வேன் பறந்தது, அவன் அழுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. நாராயணவனம் தாண்டி ஒரு மேட்டில் வேன் நிறைய ஆட்களோடு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். செல்போன் கம்பெனியில் வேலை செய்கிற கீர்த்தி சுடிதாரெல்லாம் புழுதியாகச் சொன்னாள்: "அண்ணா, இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா எங்கள கம்பெனி கேட்டுலயே நிக்க வெச்சிடுவானுங்க. நாங்க வேற வேனு பாத்துக்குறோம். தப்பா நெனச்சிக்காத."

பாஸ்கர் சாமியாரிடம் ஓடினான். "காலியா போனா பறக்குது சாமி. ஆளு ஏறுனா படுத்துக்குது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் நோயைச் சொல்ல முடியாது. சொன்னவனுக்கும் புரியவில்லை, கேட்டவர் புரிந்துகொண்டதாகக் காட்டவில்லை.

"தகடுல தப்பு இல்ல நைனா" என்றார் சாமியார். "ஏறுறவங்க பாவ மூட்டய தூக்கிக்கினு ஏறுறாங்க. பாவம் ரொம்ப கனம். சரே, எல்லாரயும் இட்டுக்கினு வா. ஆளுக்கு ஒரு பாவ நிவர்த்தி பூஜ போட்டுடலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னான். அவன் மனைவி மோகனப்ரியா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "பாவம் எத்தினி கிலோ இருக்கும் மாமா?"

"கிண்டல் பண்ணாதடீ. நம்ம பொழப்பு போயிக்கினு இருக்குது."

"அதான் நானும் கேக்குறேன். நம்ம பொழப்பாச்சே. ஞாயித்துக்கெழம நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். செக்யூரிட்டி ஆதிநாராயணன் தன் தொந்தியைத் தடவிக்கொண்டு, "நான் அவ்ளோ பாவம் பண்ணலியேப்பா" என்று கவலைப்பட்டார். விபூதி, எலுமிச்சம்பழம், சிஷ்யர்களின் மணியோசை எல்லாம் ஆயிற்று. சாமியார் கையைத் தூக்கினார். "பாவம் தீந்துபோச்சு. எல்லாரும் எறங்கினது எறங்கினபடி நடங்க, கோவிந்தா சொல்லிக்கினே."

"எதுக்கு சாமி நடக்கணும்?" என்றாள் மோகனப்ரியா. "அதான் பாவம் தீந்துபோச்சே. ஏறிக்கினே போலாமே."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இந்தக் கேள்வி இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக எங்கே இருந்தது என்று மேட்டுக்கே ஆச்சரியம்.

"புதுசா தீந்த பாவம் தல்லி" என்றார் சாமியார், பெண்களைத் தெலுங்கில் அம்மா என்று அழைப்பது அவர் வழக்கம். "கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்கும்."

"சரி சாமி. ஒங்களுக்கு பாவம் இருக்குதா?"

சாமியார் சிரித்தார். "தபசு பண்ணி எல்லாத்தயும் எரிச்சிட்டேன்."

"ஒங்க சிஷ்யப் புள்ளைங்களுக்கு?"

"என் நெழல்ல நிக்கிறவங்களுக்கு ஏது பாவம்?"

கூட்டம் கோவிந்தா போட்டது.

"அப்போ ஒங்க யாருக்கும் கனமே இருக்காது" என்றாள் மோகனப்ரியா. "நீங்களும் அவங்களும் எங்க வேன்ல ஏறிக்குங்க. காலி வேனு மாதிரி பறக்கணும். பறந்துச்சுன்னா நான் இங்கியே மொட்ட அடிச்சிக்கிறேன்."

சாமியாருக்கு அனுஷ்டான நேரம் நினைவுக்கு வந்தது. ஆனால் பக்தர்கள் விடுவார்களா? பகுத்தறிவுவாதி ஒருவர் கூப்பிட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். பக்தர்களிடமிருந்து தப்ப முடியாது. "சாமியே ஏறப்போவுது" என்று பரவசப்பட்டு, அவரை அலாக்காகத் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். கொழுத்த சிஷ்யர்கள் பின்னால் அடைந்துகொண்டார்கள். வேனின் பின்பக்கம் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

பாஸ்கர் முதல் கியரைப் போட்டான். பறந்தால் பிழைப்பு, பறக்காவிட்டால் கட்டிய நம்பிக்கையெல்லாம் போச்சு. வேன் கிளம்பியது, இருமியது, மேட்டின் பாதியில் நின்றது. நின்ற வேகத்தில் பின்னால் வழுக்கத் தொடங்கியது.

பாஸ்கர் பிரேக்கை அழுத்திப் பிடித்தான். அந்த நேரத்தில் சாமியாருக்குள் இருந்த தபசு ஓடிப்போய், புரோக்கர் வேதாச்சலம் வெளியே வந்தார்.

"எறங்குங்கடா! லோடு தாங்கல, எல்லாரும் எறங்குங்க!"

மேடு முழுக்கக் கேட்டது. சிஷ்யர்கள் குதித்தார்கள். ஒருவன் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டான், ரொம்பப் பழகிய கை. சாமியாரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எல்லோரும் இறங்கியதும் வேன் சரசரவென்று மேலே போய்விட்டது.

"இன்னா லோடு சாமி?" என்று மோகனப்ரியா மெதுவாகக் கேட்டாள். "பாவமா? ஆளா?"

சாமியார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "இன்னும் பூஜ போடாத வண்டி எது?"

சித்தூர் அம்பாசிடர்காரர் முனிகிருஷ்ணன் கையைத் தூக்கினார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளையும் தேங்காயையும் இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறினார். தகடு இல்லை, விபூதி இல்லை. அம்பாசிடர் கிழவன் மாதிரி இருமிக்கொண்டே மேட்டு உச்சிக்குப் போய் ஹாரன் அடித்தது.

அந்த ஹாரன் சத்தத்தில்தான் பலருக்கு விழிப்பு வந்தது. ஆதிநாராயணன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், அது பாவமில்ல, தொந்தின்னு." கங்காதர நெல்லூர் ஜீப்காரர் மட்டும் சாமியாரின் சட்டையைப் பிடிக்கப் போனார், சட்டை இல்லாததால் துண்டைப் பிடித்தார். துண்டு அவர் கையில் வந்தது, சாமியார் குவாரிப் பக்கமாக ஓடினார். அவர் பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை.

பாஸ்கர் மேட்டிலிருந்து இறங்கிவந்து தன் ஆட்களின் முன் தலை குனிந்து நின்றான். "ஒரு வாரம் டயம் குடுங்க. வேன தீனாகிட்ட உட்டுடறேன். போறவங்க போங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கீர்த்திதான் பேசினாள். "மொதல்லயே இத சொல்லியிருந்தா ஒரு வாரம் பஸ்ஸுல போயிருக்க மாட்டோமா? எங்கள பாவின்னு சொல்லி இட்டாந்தியே, அதான் அண்ணா கோவம்." அந்த வாரம் அவர்கள் பஸ்ஸில் போனார்கள். அடுத்த வாரம் அத்தனை பேரும், ஆதிநாராயணன் தொந்தியோடு, வேனுக்குத் திரும்பி வந்தார்கள். நாராயணவனத்து மேட்டில் வேன் நிற்கவில்லை. ரிங்கை மாற்றிய தீனா, ஏர் ஃபில்டரிலிருந்து தட்டிய விபூதியை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தான். மோகனப்ரியா அதைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டாள். நன்றாகத் தேய்க்கிறதாம்.

குப்பத்துக்குப் பக்கம் குடுபல்லியில் இப்போது ஒரு மைலேஜ் சாமியார் வந்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம். போகிறவர்களைத் தடுக்க நான் யார்? போங்கள். மூட்டையை இறக்கச் சொன்னால் இறக்குங்கள், குடும்பத்தை இறக்கச் சொன்னால் இறக்குங்கள். மூளையை மட்டும் இறக்கி வைத்துவிடாதீர்கள். எந்தக் கிழட்டு இன்ஜினுக்கும் அது பாரமில்லை.