கருவாட்டுக் கள்ளனை மாற்றித் தரவும்

அன்புள்ள மருமகன் நௌஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கரைத்தீவிலிருந்து ஜபார் மாமா எழுதுவது. இங்கு அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் சுகம், என் மானத்தைத் தவிர. கொழும்பில் உன் கொம்பியூட்டர் உத்தியோகம் சிறக்க துஆக் கேட்டுக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ செய்து விட்டிருக்கும் போன் விளையாட்டை இங்கே எல்லாப் பிள்ளைகளும் விளையாடுகின்றன. களப்புத் தண்ணி, தோணி, மீன் காய வைக்கிற வாடி எல்லாம் நம்மட கரை மாதிரியே இருக்கிறது, சந்தோஷம். ஆனால் கருவாடு களவெடுக்கும் கள்ளன் யார்? வெள்ளைத் தொப்பி, தாடி, தொந்தி, கட்டம் போட்ட பெட்டிச் சாரன். பெருநாளைக்கு வந்தபோது என்னை ஏன் அத்தனை படம் எடுத்தாய் என்று இப்பதான் விளங்குது. முகம் போகட்டும், நான் கதைக்கிற விதத்தையுமா எடுப்பாய்? கள்ளனைத் துரத்துற பொலிஸ்கார வீரன் பள்ளிக்கூடப் புத்தகம் போலக் கதைக்கிறான். கள்ளன் மட்டும் "மறுக்கா வாறன் வாப்பா" எண்டு நம்மட மன்னார்க் கதையில சொல்லிட்டு ஓடுறான்!

தொண்ணூறில் சண்டைக்குள்ள துரத்தப்பட்டு மன்னாரை விட்டு வந்த நாள் முதல் இங்கே நான் 'அகதி ஜபார்'. சோதனைக்குப் பஸ்ஸை மறித்தால் முதலில் இறங்கச் சொல்வது என்னைத்தான். அப்படிப்பட்டவன் இந்தமுறை மீனவர் சங்கத் தலைவர் பதவிக்குக் கேட்கிறேன், சனிக்கிழமை தேர்தல். வாக்குக் கேட்டுப் போற வீட்டிலெல்லாம் பிள்ளைகள் "கள்ளன் வாறார், கருவாட்டை உள்ள வையுங்க!" எண்டு கத்துதுகள். பெரியவங்க சிரிக்கிறாங்க, ஒருத்தர் உண்மையாகவே உள்ள வச்சார். பிறத்தியான் செய்தால் ஏசிட்டு விடலாம், சொந்த மருமகன் செய்தா எங்க போய்ச் சொல்றது? மனம் நொந்து போச்சுடா.

வேற கள்ளனைப் போடுவம் எண்டு என்னோட கடல் தொழிலுக்கு வாற அருளப்புக்கிட்ட, "செபமாலையோட ஒரு ஆளைப் போட்டா என்ன?" எண்டு கேட்டன். "ஏன், வேதக்காரர்தான் களவெடுக்கிறதோ?" எண்டு தோணியை விட்டு இறங்கிப் போயிட்டான். உடப்பு ஊர் மீன் யாவாரிகளிட்ட திருநீறு பூசின கள்ளனைப் பற்றி மெதுவாக் கேட்டன். அண்டைக்கு என்ட மீனை வாங்க ஆளில்ல. பொம்பிளைக் கள்ளி எண்டு உன் மாமியிடம் வாயெடுத்தன், பகல் சோறு கிடைக்கல. எல்லாருக்கும் கள்ளன் வேணும், தங்கட ஆளா மட்டும் இருக்கப்படாது.

ஆகையால் சனிக்கிழமைக்கு முன் கள்ளனை அடியோடு எடுத்துவிடு.

உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும், முக்கியமாகப் பிந்தியதை, அல்லாஹ் தருவானாக. உன் உம்மா, என் தங்கச்சிக்கு ஸலாம்.

இப்படிக்கு,
மானம் போன மாமா ஜபார்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் உன் மாமி அஸீஸா வாங்கி வாசித்தாள். எனக்குத் தெரியாமல் அவளும் விளையாடுறாளாம்! கள்ளனுக்குப் பின்னாலேயே போவாளாம். பிடிக்க மாட்டாளாம், அவன் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டே போவாளாம். "இவனை எடுத்துட்டா அதுக்குள்ள நம்மளப்போலக் கதைக்க வேற ஆரு இருக்கா?" எண்டு கேட்டு அழுதிட்டா. கள்ளன் இருக்கட்டும். தலைவர் பதவி போனாப் போகட்டும். அந்தப் பொலிசை மட்டும் கொஞ்சம் மெதுவா ஓட விடு, மகன்.