கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கு ஒரு லேபிள்

எங்கள் சிட்னி ஆய்வகத்தில் லேபிள் இல்லாமல் ஒரு துரும்பும் நகராது. சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜில் இருக்கும் பாலுக்கே லேபிள் உண்டு. ஆகவே, எங்கள் ஆராய்ச்சியாளர் ப்ரான்வினின் பெட்டிக்கும் பாதுகாப்புக் குழு லேபிள் கேட்டபோது யாரும் வியக்கவில்லை.

பெட்டி என்றால் டி.என்.ஏ. இழைகளையே மடித்து மடித்துச் செய்த பெட்டி. கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு நல்ல மரபணுவைச் சுமந்துகொண்டு செல்லுக்குள் புகுந்து இறக்கிவிடும். படகு ஓட்டி ஓய்வுபெற்ற மெர்வுக்காக ப்ரான்வின் அதைச் செய்திருந்தாள். விழித்திரையில் ஒரு மரபணுப் பழுதால், பாவம், அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

"கையெட்டும் தூரத்துல நின்னு படிக்கிற மாதிரி இருக்கணும்," என்றார் குழுத் தலைவி கிளெனிஸ், லேமிங்டன் கேக்கைப் பிட்டபடி.

"பெட்டியே கண்ணுக்குத் தெரியாதே, கிளெனிஸ்!" என்றாள் ப்ரான்வின்.

"அதனாலதானே லேபிள் கேக்குறேன்? தெரியுற பொருளுக்கு லேபிள் எதுக்கு?"



ப்ரான்வின் பெட்டியின் முதுகிலேயே டி.என்.ஏ.வால் எழுத்துகளை மடித்தாள். நுண்ணோக்கி வழியாகப் பெரிய திரையில் காட்டினாள்.

"அவசரத்துக்குக் கூப்பிட ஃபோன் நம்பர் எங்கே?" என்றார் கிளெனிஸ்.

அதையும் மடித்தாள். பிறகு, 'இந்தப் பக்கம் மேலே' என்று ஓர் அம்புக்குறி.

கடைசியாக, பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றது விதி. ப்ரான்வின் மெர்வையே நியமிக்கச் சொன்னாள். "நம்ம ஆளு. கண்ணை மூடிட்டு ஒத்துக்குவாரு."

மெர்வ் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். உறுப்பினர் அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் ஆள் ஒரு சுற்று பெருத்துவிட்டார். திரையில் மூக்கு முட்டும்வரை போனார்.

"ஒண்ணும் தெரியலையே."

"மெர்வ், அதுக்குத்தானே இந்த வைத்தியமே!"

"புரியுது கண்ணு. ஆனா இத்தனை வருஷம் துறைமுகத்துல படகு ஓட்டினவன் நான். படிக்க முடியாத போர்டைப் படிச்சேன்னு சொல்ல மாட்டேன்."

அந்த நேர்மையில் அறையே உருகிவிட்டது. கிளெனிஸ் எழுந்து நின்றார். "மாண்புமிகு உறுப்பினருக்குப் பார்வை தெளிந்ததும் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்வதெனத் தீர்மானிக்கப்படுகிறது."

கைகள் உயர்ந்தன. ஆட்சேபிக்க எழுந்த ப்ரான்வினின் கையையும் சேர்த்தே எண்ணினார்கள்.

மெர்வ் என் பக்கம் குனிந்தார். "எல்லாருமா கை தூக்கினாங்க? எனக்குத் தெரியல நண்பா."

"எல்லாரும்தான்," என்றேன், என் கையை இறக்கிக்கொண்டே.