டாய் வொக்

"அப்பா கடைசியாய் என்ன சொன்னவர்?"

பிரேத அறையில் சவப்பெட்டியருகே நின்று லீனா இத்தாலியனில் கேட்டபோது கிறிகோரி பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த நாள் முதல், அந்நகரின் சீசா என்ற பகுதியில் ஒரு சின்னச் சீனச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் அவளுடைய அப்பா லியூங்கோடு வேலை செய்தவன் அவன். கிழவர் சாய்ந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவன் மட்டுமே.

ஹொங்கொங்கில் பிறந்த லியூங் கடைசியாகச் சொன்னது, "டாய் வொக்!" பெரிய சட்டி என்று அர்த்தம். இறால் கருகினாலும் காஸ் முடிந்தாலும் அதைத்தான் கத்துவார், நாம் 'ஐயோ, துலைஞ்சுது' என்பதுபோல. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் இதையா சொல்வது?

மனைவி மரியா காதுக்குள் புத்தி சொன்னாள். "இயேசுவே எண்டவர் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை ஆறுதல்படும்."

சொன்னான்.

"அப்பா வேதக்காரர் இல்லையே?" என்றாள் லீனா.

"சாகக்கிடக்கிறவைக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம்" என்று மரியா மறுபடி கிசுகிசுத்தாள்.

"நான்தான் குடுத்தனான்" என்றான் கிறிகோரி. "அரிசி கழுவின தண்ணியிலை."

"அப்ப பூசை வைச்சுத்தான் அடக்கோணும்." லீனா ஓடிப்போய்ப் பக்கத்துச் சிற்றாலயத்துப் பாதிரியாரைக் கூட்டிவந்துவிட்டாள்.

"என்ன பேர் வைச்சனீர்?" என்றார் பாதிரியார்.

"கிறிகோரி." வாயில் வந்தது அது ஒன்றுதான்.

பாதிரியார் மணியடிக்கச் சொன்னார். அதோடு கிறிகோரி உடைந்துபோனான்.

"எல்லாம் பொய், சுவாமி! சோறு அடிப்பிடிச்சது. 'டாய் வொக்' எண்டு கத்திப்போட்டு அரிசி மூட்டையிலை இருந்தவர், பிறகு எழும்பேல்லை. பெரிய கரைச்சல் எண்டு அர்த்தம். கரைச்சலுக்குத்தான் எனக்கு அவர் சொல்லுப் பழக்கினவர். ஆறுதலுக்கு ஒண்டும் பழக்கேல்லை."

அழுகை நிற்கவில்லை. மரியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கன்னத்தில் அறை விழும் என்று அவன் காத்து நின்றான்.

லீனா பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். "டாய்... வொக்" என்றாள். சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"வீட்டிலை அப்பா எங்களோடை இத்தாலியன் மட்டுந்தான் கதைச்சவர். அவரின்ரை பாசையிலை எனக்குத் தெரிஞ்ச முதல் சொல்லே இதுதான், கிறிகோரி. பெட்டியை மூட முதல் மிச்சச் சொல்லுகளையும் சொல்லித் தாங்கோ."