மேற்படி நீரோட்டம்

கடல்மேல் வீசும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் போடுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. நீரோட்டத்துக்கு நீரோட்டம் அளவு கூடும், குறையும். அது இயற்கை. ஆனால் தணிக்கைப் பிரிவுக்கு இயற்கையிடமிருந்து எழுத்துபூர்வமாக எதுவும் வந்து சேரவில்லை.

கப்பலில் அளக்கும் வேலை பார்த்த அளவருக்குக் குறிப்பாணை வந்தது: "பதினான்காம் தேதி காலை அளவு எகிறியது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தராவிடில் இடமாற்றம்."

ஏன் என்று அவருக்குத் தெரியும். அன்று ஆய்வுக்கு வந்த இயக்குநர், காற்றை உறிஞ்சும் குழாயின் வாய்க்கு நேரே நின்று, தூய காற்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். கருவிக்கு ஆள் பார்த்து அளக்கத் தெரியாது.

உள்ளதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஊர் மாறும். ஏழு ஊர் மாறிய மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "எட்டாவது ஊருக்கு நீங்க மட்டும் போங்க. இனி பாத்திரம் கட்ட என்னால ஆகாது."

தலைமை எழுத்தரிடம் போய் நின்றார்.

"மூச்சுன்னு எழுதினீங்கன்னா, உங்களை மூச்சு விட முடியாம பண்ணிடுவாங்க. சரி, வெதுவெதுப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"ஒரே திசையில வந்துச்சா?"

"என் மூஞ்சியிலயேதான்."

"நிக்காம?"

"சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்."

"அப்ப அது வெப்ப நீரோட்டம். எழுதுங்க."

எழுதினார். அலுவலகம் பூரித்தது. நீரோட்டத்துக்கு இயக்குநர் பெயரையே சூட்டி, வரைபடத்தில் சிவப்புக் கோடும் போட்டார்கள். பார்க்க வந்த நிபுணர்களை இயக்குநரே குழாயடிக்கு அழைத்துப்போய் விளக்கினார். அவர் விளக்கும்போதெல்லாம் ஓட்டம் தவறாமல் வந்தது.

பிறகு இயக்குநருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மருத்துவ விடுப்பு. அளவு விழுந்தது.

"மேற்படி நீரோட்டம் காணாமற்போனதற்குப் பொறுப்பாளர் யார்? மூன்று நாள்."

மறுநாள் அளவர் குழாயின் முன் நின்றார். இத்தனை வருடம் ஒழுங்காக அளந்தவன்தானே நான் என்று கொஞ்சம் தயங்கினார். வீட்டுப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. தொண்டையைச் செருமினார்.

முதல் நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் உரையை எழுதியே கொண்டுபோனார். நான்காம் நாள், கை தட்டாத கடல்மேல் அவருக்குக் கோபம் வந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கே குறிப்பாணை வந்துவிட்டது: "மேற்படி நீரோட்டம், இயக்குநர் பணியிலிருந்த காலத்தைவிட அவர் விடுப்பில் வலுவாக ஓடுவதன் உள்நோக்கம் என்ன?"

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"அவரைவிட நல்லாப் பேசறேனாம்."