முப்பத்தேழு பொட்டலம் மண்ணு

தமிழ்நாட்டையே பொட்டலம் கட்டி அலமாரியில் அடுக்கி வைத்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர் வீட்டில் குடியிருந்ததுதான் எனக்கு வந்த சோதனை.

போர்வெல் வண்டியில் வேலை. போகிற ஊரிலெல்லாம் ஒரு பிடி மண் வாங்கி வருவார். அதனால் தெருவுக்கே அவர் 'மண்ணு மாமா'.

"ஏனுங்க, திருநெல்வேலி வரைக்கும் போயிட்டு மண்ணுதான் கெடச்சுதா? அல்வாக் கடையெல்லாம் சாத்திட்டாங்களா?" என்று அவர் சம்சாரம் கத்துவது எங்கள் சமையலறை வரை கேட்கும்.

"அல்வா தின்னாத் தீந்துரும் புள்ள. மண்ணு தீருமா?" என்பார்.

ஊரில் இருக்கும் நாளெல்லாம் தெருப் பிள்ளைகள் அவர் வீட்டில்தான். கண்ணைக் கட்டி, மண்ணை முகரக் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்பார். சோளத்தட்டையில் வண்டி, பனங்கொட்டையில் யானை. செய்து முடித்ததும், "அது என் யானை, கீழ வைடா!" என்று சரிக்குச் சரி சண்டையும் போடுவார். நாலாவது படிக்கும் என் மகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வீட்டுக்கு வந்தால் "மாமா சொன்னாங்க, மாமா சொன்னாங்க". தினமும் இவளுக்காக முருகனுக்கு விளக்கேற்றுகிறவன் நான். பெருமை அவருக்கு.

தமிழ்நாடு நாளுக்கு வரைபடம் செய்து வரச் சொன்னது பள்ளிக்கூடம். 'முருகா, இந்த ஒரு தடவையாவது எங்கப்பா செஞ்சதுன்னு புள்ள சொல்லோணும்' என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டையில் படம் வரைந்து, மைதாப் பசை தடவி, தஞ்சாவூருக்கு நெல், தர்மபுரிக்கு ராகி என்று மாவட்டம் மாவட்டமாகத் தானியம் ஒட்டினேன்.

"நல்லாருக்குங்கப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பழனிக்கு நடந்தே போகலாம்.

வாசலில் வெயிலில் காயவைத்துவிட்டுப் பூஜைக்குப் போனேன். கற்பூரம் காட்டித் திரும்பி வந்தால், எங்கள் வீட்டுக் கோழி சென்னையில் ஆரம்பித்துத் தஞ்சாவூரையும் முடித்துவிட்டு மதுரையில் நின்றுகொண்டிருந்தது.

"உடுங்க, கன்னியாகுமரியாச்சும் மிஞ்சுச்சே" என்றாள் என் மனைவி.

மகள் அழவில்லை. நேரே எதிர் வீட்டுக்குப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

மத்தியானம் முழுக்க அங்கே ஒரே சிரிப்பு. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. சாயங்காலம் இருவரும் அட்டையோடு வந்து நின்றார்கள்.

"மச்சான், முப்பத்தேழு ஜில்லாவுக்கும் மண்ணு ஒட்டியாச்சுங்க. நாமக்கல்லு மண்ணுதான் எங்கிட்ட இல்ல."

"ஊரு பூரா அதான கெடக்குது? வாசல்ல அள்ளிக்க வேண்டியதுதான?"

"நானா அள்ளுனதே இல்லீங்க. தோட்டத்துக்குச் சொந்தக்காரரு கையால குடுத்தாத்தான் வாங்குவேன். நம்மூர்ல யாருகிட்டயும் கேக்கத் தோணலீங்க."

தர முடியாது என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் மகள், "நம்ம கடலைக்காட்டு மண்ணு குடுங்கப்பா" என்று கையைப் பிடித்தாள்.

போய் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். திருநீறு வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தார். "இந்த வாசம் வேற எங்கியும் இல்லீங்க மச்சான்!" எல்லா ஊரிலும் இதையேதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் இனித்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு என் மகள் சொன்ன பதில்: "மண்ணு மாமாவும் நானும் செஞ்சோம் மிஸ். நாமக்கல்லு மட்டும் எங்கப்பா குடுத்தாங்க."

முப்பத்தேழுக்கு ஒன்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மண்ணு மாமா வண்டியோடு வடக்கே போய் இரண்டு மாதமாகிறது. போன கிருத்திகைக்குக் கோயிலில் மகள் பேருக்கு அர்ச்சனை சொன்னேன். கையோடு, நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று அவர் பேரையும் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

எனக்கு எப்படித் தெரியும்?

"எம் புள்ளையோட நட்சத்திரத்தையே அவருக்கும் சொல்லுங்க சாமி" என்றேன்.