தாய்மாமன் சீரும் லூஸ் பின்னும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மாமன் சீர் வரும்போது பாட்ட நிப்பாட்டணும்.

கடம்பூர் பக்கம் ஒரு வீட்டுல பொண்ணு சமைஞ்ச சடங்கு. மைக் செட் அண்ணாச்சிக்கு அதே நாள் நாகலாபுரத்துல கல்யாணம். பத்தாங்கிளாஸோட நின்னுட்டு அவர்கிட்ட வயர் சுத்திக்கிட்டிருந்த என்னைத் தனியா அனுப்பினார்.

"ஏலே, பொண்ணோட தாய்மாமன் கொட்டுமேளத்தோட சீர் கொண்டு வருவாரு. கொட்டு தெருவுல நுழைஞ்சதும் நம்ம பாட்டு அமந்திரணும். அதுக்கு மேல நம்ம சத்தம் ஏறுச்சுன்னா அவருக்கு அவமரியாதை. ஒரு வீட்டுல இதுக்காகவே சீர்த்தட்டோட திரும்பிப் போனவரு. அப்படி ஏதும் ஆச்சு, நாளையில இருந்து நீ தீப்பெட்டி ஆபீஸுல குச்சி அடுக்கத்தான் போகணும்."

"இதெல்லாம் ஒரு வேலையா அண்ணாச்சி"ன்னேன். வாய் சும்மா இருக்காதுல்லா.

தெருமுனையில கொட்டு கேட்டுச்சு. டேப்புல ஸ்டாப்ப அமுக்குனேன். பட்டன் உள்ள போனது போனதுதான். பாட்டு நிக்கல. சத்தத்தையாவது குறைப்போம்னு திருகுனேன். குமிழ் கையோட வந்துருச்சு.

கரண்ட் பிளக்கப் பிடுங்க வீட்டப் பாத்து ஓடுனேன். வாசல் முழுக்கப் பொம்பளையாட்கள்.

"எக்கா, கொஞ்சம் வழி விடுங்க."

"பந்தி இன்னும் போடலப்பா. போய் உக்காரு."

திரும்பி ஓடி வந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால, டேப்புல இருந்து பாட்டு வார வயரோட பின்ன இழுத்தேன். வரல. ஆனா உள்ள ஏதோ லூஸு, அழுத்திப் பிடிச்சா பாட்டு நிக்குது. அப்படியே பிடிச்சுக்கிடலாம்னா சுர்ருன்னு ஷாக் அடிக்குது. கைய உதறுனா பாட்டு வந்துருது. பிடிச்சேன், நின்னுச்சு. அடிச்சுது, விட்டேன், பாடுச்சு.

கொட்டுக்காரங்க என்ன நினைச்சாகளோ, பாட்டு நிக்கிற எடத்துல எல்லாம் வெளுத்து வாங்குதாக. பாட்டு வந்தா கைய நிறுத்துதாக. இது கேக்க, அது பதில் சொல்ல, தெருவே விசிலடிக்குது.

செட்ட மறைச்சுக் கட்டியிருந்த ஓலைத்தட்டி ஓட்டை வழியா பாத்தேன். மாமன் வேட்டிய மடிச்சுக் கட்டுதாரு. சரி, அடிக்கத்தான் வாராருன்னு மேசைக்கு அடியில பூந்து, அங்கன இருந்தே பின்னப் பிடிச்சேன். அவரு ஆடுதாருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

ஒரு வழியா கேசட் தீந்துச்சு. தட்டிக்கு அந்தப் பக்கம் மாமன் குரல்:

"ஏ செட்டுக்காரரே, பிரமாதம்வே. திரும்பத் தெருமுனையில இருந்து வாரோம். அதே மாதிரி போடும்."

எனக்குத் தலைகால் புரியல. பட்டன நெம்பி எடுத்து, அதே பாட்டப் போட்டு, ஷாக் அடிக்காம இருக்கக் கையில துண்டச் சுத்திக்கிட்டேன். இப்ப நான் நினைச்ச எடத்துல நிப்பாட்டுனேன், நினைச்ச எடத்துல விட்டேன். கொட்டு ஒரு பக்கம் போச்சு, பாட்டு ஒரு பக்கம் போச்சு. ஆடுனவங்க ஒவ்வொருத்தரா உக்காந்துட்டாங்க.

மாமன் வேர்வையோட தட்டிய விலக்கித் தலைய நீட்டுனார். என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"ஏலே, மொதல்ல போட்ட ஆளு எங்கன போனாரு? அவர வரச் சொல்லு."

நானும் அவரத்தான் தேடுதேன்.